நண்பர்களுக்குள் பல சீசன்கள் தொடரும் ஐபிஎல் ஃபேன்டசி லீக்: ஏலமும் தக்கவைப்பும் எப்படி வைப்பது?

தங்கச்சிமடத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஒரே பள்ளியில் படித்த எட்டு நண்பர்கள். இருவர் துபாயிலும் ஒருவர் சென்னையிலும் இருக்கிறார்கள். ஒருவர் கீழக்கரையில் கடை வைத்திருக்கிறார். மற்ற நால்வரும் பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பகுதியில் கடல் தொழிலில் இருக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், ஐபிஎல் நடக்கும் நாள்களில் பெரும்பாலும் எங்கள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். பகலில் வலை பொத்துவதும் படகுக்கு வண்ணம் பூசுவதும் போக, மாலை முழுவதும் கிரிக்கெட்தான்.

இதுவரை செயலியில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பதினொருவரைத் தேர்ந்தெடுத்து, நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதற்குக் கிடைக்கும் புள்ளிகளைக் கொண்டு எங்களுக்குள் போட்டி வைத்து வந்தோம். அதில் எங்களுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. எட்டுப் பேருடைய அணியிலும் ஏழெட்டு ஆட்டக்காரர்கள் ஒரே ஆட்களாக இருக்கிறார்கள். யாரை கேப்டனாக வைத்தோம் என்பதில்தான் வெற்றி தோல்வி. ஒரு சீசன் முடிந்தால் அதோடு எல்லாம் அழிந்துவிடுகிறது. பின்தங்கியவர்கள் மே மாதம் பிறப்பதற்குள் விலகிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் பேஸ்பாலை வைத்து நண்பர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே லீக்கை நடத்துகிறார்கள் என்றும், ஒரு ஆட்டக்காரர் ஒருவருடைய அணியில் மட்டுமே இருப்பார் என்றும் கேள்விப்பட்டோம். அதை ஐபிஎல்லுக்கு எப்படிப் பொருத்துவது? ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுப்பதா, முறை வைத்து எடுப்பதா? அடுத்த சீசனுக்கு எத்தனை பேரைத் தக்கவைக்கலாம்?

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்களில் ஒருவர் நாட்டுப்படகில் செல்பவர். அவருக்குத் தடைக்காலம் கிடையாது. டாஸ் போடும் ஏழு மணிக்கு அவர் கடலில் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொழிலுக்குப் போகமாட்டார். பணம் வைத்து ஆடும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழக்கரை டு நியூஜெர்சி

தம்பி, நான் இங்கே அலுவலக நண்பர்களோடு பல ஆண்டுகளாக ஃபேன்டசி பேஸ்பால் ஆடிவருகிறேன். ஒரு லீக்கைப் பல சீசன்களுக்கு உயிரோடு வைத்திருப்பது முதல் ஏலத்துக்கு முன் எழுதி வைக்கும் விதிகள்தான். ஆர்வம் எல்லோருக்கும் மார்ச் மாதத்தில் இருக்கும். பிறகு விதிதான் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இதன் தொடக்கத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் விதிகளின் காரணம் அதில்தான் இருக்கிறது. எழுத்தாளரும் பத்திரிகை ஆசிரியருமான டேனியல் ஓக்ரென்ட் 1980-ல் தம் நண்பர்களோடு இதைத் தொடங்கினார். நியூயார்க்கில் அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரை ஒட்டி அதற்கு ரோடிசரி லீக் என்று பெயர் வந்தது. இந்த முறையில் வழக்கமாக ஒவ்வோர் உறுப்பினரும் 260 டாலருக்குள் 23 ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்க வேண்டும். பதினான்கு பேர் மட்டையாளர்கள், ஒன்பது பேர் பந்து எறியும் பிட்சர்கள். ஹோம் ரன், பேட்டிங் சராசரி போன்ற ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை வரிசைப்படுத்தி, அந்த வரிசைக்குப் புள்ளி கொடுப்பார்கள். எட்டு அணிகள் இருந்தால் ஒரு பிரிவில் முதலிடத்துக்கு எட்டுப் புள்ளி, கடைசி இடத்துக்கு ஒன்று. வீட்டுக்கு வீடு கணினி இல்லாத அந்நாளில் செய்தித்தாளில் வந்த எண்களைக் கையால் கூட்டித்தான் தரவரிசை போட்டார்கள். ஆகவே செயலி இல்லையே என்று நீங்கள் தயங்க வேண்டாம். ஒரு கூகுள் ஷீட் தாராளமாகப் போதும்.

உங்களுக்கு நான் ஏலத்தைத்தான் சொல்வேன். முறை வைத்து எடுத்தால் முதல் ஆள் என்ற அதிர்ஷ்டம் ஒருவருக்குப் போய்விடும். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுக்கலாம் என்று திருப்பி வைத்தாலும் அந்தக் குறை முழுவதும் தீராது. ஏலத்தில் எவரையும் எவரும் கேட்கலாம், விலை கொடுக்க மனம் இருந்தால் போதும். விடிகாலையில் இறங்குதளத்தில் கூறு போட்ட மீனுக்கு ஏலம் கேட்டுப் பழகிய உங்களுக்கு, எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நியூஜெர்சிக்காரர்கள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பேஸ்பாலின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே 30 அணிகள், அணிக்கு 26 பேர். மொத்தம் 780 ஆட்டக்காரர்கள். பன்னிரண்டு பேர் கொண்ட ஃபேன்டசி லீக்கில் ஆளுக்கு 23 என்றால் 276 பேர்தான் எடுக்கப்படுகிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு வெளியே இருக்கிறது. ஐபிஎல்லில் பத்து அணிகள். ஆட்டத்தின் நடுவே மாற்றாக இறங்கும் இம்பாக்ட் பிளேயரையும் சேர்த்து ஓர் ஆட்டத்தில் அணிக்குப் பன்னிரண்டு பேர் என்றால், வழக்கமாகக் களமிறங்குபவர்கள் 120 பேர்தான் தேறுவார்கள். நீங்கள் எட்டுப் பேரும் ஆளுக்குப் பதினைந்து எடுத்தால் அத்தனை பேரும் தீர்ந்துவிடுவார்கள். ஒருவருக்குக் காயம் பட்டால் மாற்றாக எடுக்க வெளியே உருப்படியான ஆள் இருக்கமாட்டார். ஆகவே ஆளுக்குப் பத்துப் பேர் என்று வையுங்கள். ஏழு பேர் களத்தில், மூன்று பேர் இருப்பில்.

தக்கவைப்புதான் பல சீசன் லீக்கின் உயிர். மூன்று பேர் வரை தக்கவைக்கலாம் என்றும், தக்கவைக்கும் ஒவ்வோர் ஆண்டும் விலை கூடும் என்றும் விதி இருக்க வேண்டும். விலை கூடாவிட்டால், மலிவாகக் கிடைத்த ஒரு நல்ல ஆட்டக்காரரை ஒருவர் பத்து ஆண்டுக்கு வைத்துக்கொண்டு லீக்கையே கொன்றுவிடுவார். ஆளுக்கு 200 புள்ளி ஏலத்தொகை, தக்கவைத்தால் ஆண்டுக்குப் பத்துக் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய் சுதர்சனைப் பாருங்கள். குஜராத் அணி 2022-ல் அவரை 20 லட்சத்துக்கு எடுத்தது. 2025-ல் 759 ரன் எடுத்து, சீசனில் அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பியை வாங்கினார். 2023 தொடக்கத்தில் உங்களில் ஒருவர் அவரை 6 புள்ளிக்கு எடுத்திருந்தால், 2024-ல் 16, 2025-ல் 26. அப்போதும் அது லாபம்தான். 2026-ல் 36, அதற்கடுத்து 46 என்று ஏறும்போது ஒருநாள் அவரை ஏலத்துக்கு விட வேண்டி வரும். இளைஞர் ஒருவரைக் கண்டுபிடித்தவருக்குச் சில ஆண்டுகள் பலன் கிடைக்கிறது, மற்றவர்களுக்கும் வாய்ப்பு திரும்பி வருகிறது.

இதில் முதல்முறை செய்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. எட்டுப் பேரின் மொத்த ஏலத்தொகை 1600. எல்லோரும் தக்கவைத்த ஆட்டக்காரர்களின் உண்மையான மதிப்பு 600, ஆனால் அவர்களுக்குக் கொடுத்த விலை 300 என்று கொள்வோம். மீதி 1300 புள்ளிகள் 1000 புள்ளி மதிப்புள்ள ஆட்டக்காரர்களைத் துரத்தும். இரண்டாம் சீசன் ஏலத்தில் எல்லா விலையும் முப்பது சதவீதம் ஏறி நிற்கும். சென்ற ஆண்டு விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு விலையா" என்று ஒதுங்கி நிற்பவர் கடைசியில் தொகையைச் செலவழிக்க ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

நாட்டுப்படகு நண்பருக்காக மட்டுமல்ல, எல்லோருக்காகவும் வார அணி முறையை வையுங்கள். ஞாயிறு இரவு முதல் திங்கள் நண்பகலுக்குள் அந்த வாரத்து ஏழு பேரின் பெயரைக் குழுவில் போட்டுவிட வேண்டும். அதன்பின் மாற்றம் இல்லை. பேஸ்பாலிலும் பல லீக்குகளில் திங்கட்கிழமைதான் அணி பூட்டப்படுகிறது. ஏழு பேரில் ஒருவர் அந்த வாரம் களமே இறங்கவில்லை என்றால், இருப்பில் முதலில் எழுதப்பட்டவர் தானாக உள்ளே வருவார் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் கடலில் இருப்பவருக்கு நஷ்டம் இல்லை.

ஐபிஎல் அட்டவணையில் ஓர் அணிக்கு ஒரு வாரத்தில் மூன்று ஆட்டங்களும் இன்னோர் அணிக்கு ஒரே ஆட்டமும் வருவதுண்டு. பேஸ்பால் ரோடிசரியில் ஓர் இடத்துக்கு சீசனில் 162 ஆட்டங்கள்தான் கணக்கில் வரும் என்று வரம்பு வைப்பார்கள், ஓர் அணி ஆடுவது அத்தனை ஆட்டங்கள் என்பதால். நீங்கள் ஓர் இடத்துக்கு 14 என்று வையுங்கள். அதிக ஆட்டம் உள்ளவர்களையே மாற்றி மாற்றி இறக்குபவர் மே மாத நடுவில் வரம்பைத் தொட்டு நிற்பார்.

ராம்நாடு கணக்கு வாத்தியார்

மேலே சொன்ன நண்பரின் கணக்கு சரியானது. ஆனால் பிரிவு வாரியாகப் புள்ளி கொடுக்கும் ரோடிசரி முறை ஐபிஎல்லுக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 162 ஆட்டங்களில் தற்செயல் கரைந்துவிடும். 14 ஆட்டங்களில் கரையாது. ஆறு பந்தில் இருபது ரன் அடித்துவிட்டு அத்தோடு அடுத்த மூன்று ஆட்டங்களில் இடம் கிடைக்காமல் உட்காரும் ஒருவருடைய ஸ்ட்ரைக் ரேட் (நூறு பந்துக்கு எடுக்கும் ரன்) ஒரு பிரிவையே தூக்கிக் கொடுத்துவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிவது ஆல்-ரவுண்டர்கள். மட்டைக்கும் பந்துக்கும் சேர்த்துப் புள்ளி என்றால் சுனில் நரைன், ஹர்திக் பாண்டியா போன்றவர்களின் விலை விண்ணுக்குப் போய், அவர்களை எடுத்தவர்தான் வெல்வார் என்றாகிவிடும். பேஸ்பாலிலேயே அடிக்கவும் எறியவும் செய்யும் ஷோஹேய் ஓடானியால் இதே குழப்பம் வந்தது. யாகூ தளம் அவரை மட்டையாளர் ஓடானி, பிட்சர் ஓடானி என்று இரண்டு தனி ஆட்டக்காரர்களாகவே வைத்திருக்கிறது. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். வார அணியை எழுதும்போது ஆல்-ரவுண்டரை மட்டை இடத்தில் வைக்கிறோமா, பந்து இடத்தில் வைக்கிறோமா என்று சொல்லிவிட வேண்டும். அந்த வாரம் அந்தப் புள்ளிகள் மட்டுமே கணக்கு. இதில் ஒரு கூடுதல் சுவையும் இருக்கிறது: சேப்பாக்கத்தில் ஆட்டம் வரும் வாரத்தில் ஜடேஜாவை எங்கே எழுதுவது என்று யோசிக்க வேண்டி வரும்.

விதிப்புத்தகத்தில் இன்னொன்று கட்டாயம் இருக்க வேண்டும்: சீசன் பாதியில் நின்றால் என்ன செய்வது? 2021 மே மாதம் நின்ற ஐபிஎல் செப்டம்பரில் அமீரகத்தில்தான் மீண்டும் தொடங்கியது. 2025 மே மாதத்தில் எல்லைப் பதற்றத்தால் ஒரு வாரம் நின்று, தொடங்கியபோது வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் சிலர் திரும்பவில்லை. பேஸ்பாலில் 1994 வேலைநிறுத்தத்தால் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரே நடக்கவில்லை. 2020-ல் 162-க்குப் பதில் 60 ஆட்டங்கள்தான். "மூன்றில் இரண்டு பங்கு லீக் ஆட்டங்கள் முடிந்திருந்தால் அன்றைய தரவரிசை செல்லும், இல்லையெனில் அந்த சீசனுக்கு வெற்றியாளர் இல்லை, தக்கவைப்பு விலையும் ஏறாது" என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். நின்ற பிறகு எழுத உட்கார்ந்தால், முதலிடத்தில் இருப்பவர் ஒரு நியாயமும் எட்டாம் இடத்தில் இருப்பவர் வேறொரு நியாயமும் பேசுவார்கள்.

ஐபிஎல்லில் அணிகள் பெரும்பாலானவர்களை விட்டுவிட்டுப் புதிதாக ஆள் எடுக்கும் மெகா ஏலம் நடக்கும்போது உங்கள் லீக்கையும் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே முறை என்பது என் கருத்து. அணிகள் எல்லாம் மாறிய பிறகு பழைய விலைக்குப் பொருள் இல்லை.

தொண்டி வாசகர்

மேலே இருவரும் ஏலத்தையே பேசுகிறார்கள். லீக் முறிவது சீசன் நடுவே ஒருவருக்கொருவர் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் பரிமாற்றத்தில்தான். கடைசி இடத்தில் இருப்பவர், "எனக்கு இந்த ஆண்டு போய்விட்டது" என்று தன் சிறந்த பந்துவீச்சாளரை நெருங்கிய நண்பருக்குத் தூக்கிக் கொடுப்பார். மற்ற ஆறு பேரும் வாட்ஸ்அப்பில் சண்டைக்கு வருவார்கள். லீக் ஆட்டங்களில் பாதி முடிந்ததும் பரிமாற்றத்தை மூடிவிடுங்கள். அதற்கு முன்பும் விலைத்தொகை வித்தியாசம் இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பு வையுங்கள். வாக்கெடுப்பு மட்டும் வேண்டாம். வாக்கெடுப்பு வைத்தால் எவருடைய பரிமாற்றமும் தேறாது.

பிறகு, தோனியை யாராவது பாசத்தில் 90 புள்ளிக்கு எடுப்பார். சென்னை அணியே 2025 சீசனுக்கு அவரை 4 கோடிக்குத்தான் தக்கவைத்தது. எடுக்க விடுங்கள், தடுக்காதீர்கள்.

தங்கச்சிமடத்தான்

மூவருக்கும் நன்றி. தோனியை எடுக்கப் போவது யார் என்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

நியூஜெர்சி காக்கா (அண்ணன்), இரண்டு இடங்களில் மட்டும் தெளிவு தேவை. ஸ்ட்ரைக் ரேட்டைப் பற்றி வாத்தியார் சொன்னதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மே மாதத்தில் ஆறாம், ஏழாம் இடத்தில் இருப்பவர் விலகாமல் இருக்க என்ன செய்வது? கடைசி இடம் பிடித்தவருக்கு அடுத்த ஏலத்தில் கூடுதல் தொகை கொடுக்கலாம் என்று துபாய் நண்பர்கள் சொல்கிறார்கள்.

கீழக்கரை டு நியூஜெர்சி

வாத்தியார் சொல்லும் சிக்கல் தனி ஆளின் ஸ்ட்ரைக் ரேட்டை எடுத்தால்தான் வரும். ரோடிசரியில் விகிதங்களை அணி மொத்தத்துக்குத்தான் போடுவார்கள்: உங்கள் அணியின் மொத்த ரன், மொத்தப் பந்து, அதை வகுத்து வருவது ஒரே எண். ஆறு பந்தில் இருபது ரன் அந்தக் கடலில் கரைந்துவிடும். எகானமிக்கும் (ஓவருக்குக் கொடுக்கும் ரன்) அப்படித்தான், குறைந்தது இத்தனை ஓவர் என்று ஒரு கீழ்வரம்பு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் பந்துவீச்சாளரே இல்லாமல் எகானமியில் முதலிடம் வந்துவிடுவார். ரன், சிக்ஸர், அணி ஸ்ட்ரைக் ரேட், விக்கெட், டாட் பால் (ரன் கொடுக்காத பந்து), அணி எகானமி என்று ஆறு பிரிவுகள் போதும். ஆல்-ரவுண்டரை ஒரு பக்கம் மட்டும் எழுதும் அவருடைய யோசனை என் லீக்கிலேயே இல்லாத அளவுக்கு நன்றாக இருக்கிறது.

மெகா ஏலத்தின்போது கலைக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ஆட்டக்காரர் வேறு அணிக்குப் போனாலும் அவர் அடிக்கும் ரன் உங்கள் கணக்கில்தான் விழும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாம் அழியும் என்று தெரிந்தால், கடைசி ஆண்டில் இளைஞர்களை எவரும் எடுக்கமாட்டார்கள். எல்லோரும் அந்த ஆண்டுக்கு மட்டும் ஆடுவார்கள். வேண்டுமானால் அந்த ஆண்டு மட்டும் தக்கவைப்பை மூன்றிலிருந்து இரண்டாகக் குறையுங்கள்.

கடைசி இடத்துக்குக் கூடுதல் தொகை கொடுக்கவே கொடுக்காதீர்கள். தோற்றவருக்குப் பரிசு என்றால் மே மாதத்தில் மூன்று பேர் தோற்கப் போட்டி போடுவார்கள். அமெரிக்கப் பேஸ்பாலிலேயே புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் கடைசி அணிக்கு முதலிடம் என்று நேரடியாகக் கொடுத்துவந்ததை மாற்றி, 2023 முதல் குலுக்கலுக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் 70 லீக் ஆட்டங்களோடு சாம்பியனைத் தீர்மானித்துவிடுங்கள். பிளேஆஃபின் நான்கு ஆட்டங்களுக்கு ஐந்து முதல் எட்டாம் இடம் வரை வந்த நால்வர் மட்டும் புதிதாக ஆளுக்கு ஐவரை எடுத்துத் தனியாக ஆடட்டும். அதில் வெல்பவருக்கு அடுத்த ஆண்டு 15 புள்ளி கூடுதல் ஏலத்தொகை. ஏழாம் இடத்தில் இருப்பவருக்கும் இறுதி ஆட்டம் வரை வேலை இருக்கும். அவருக்குக் கிடைப்பது தோற்றதற்கான பரிசும் ஆகாது.

தங்கச்சிமடத்தான்

அப்படியே வைத்துக்கொள்கிறோம், காக்கா. ஏலத்தை ஐபிஎல் தொடங்குவதற்கு முந்தைய வார ஞாயிறு இரவு வைக்கலாம் என்று இருக்கிறோம். ரமலான் மார்ச்சுக்குள் வரும் ஆண்டுகளில் கீழக்கரை நண்பரும் துபாயில் இருக்கும் ஒருவரும் தராவீஹ் என்ற இரவுத் தொழுகையை முடித்துவிட்டு வரவேண்டும் என்பதால், எந்த மணிக்குத் தொடங்கலாம்? துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது.

கீழக்கரை டு நியூஜெர்சி

துபாயில் தராவீஹ் முடிந்து வீடு வந்து சேரும் நேரத்தை அவரிடம் கேட்டு, அதற்கு அரை மணி கழித்து வையுங்கள். நம் ஊரில் பன்னிரண்டு ஆகிவிட்டாலும் பரவாயில்லை. எண்பது பேரை ஏலம் விட எப்படியும் விடியலுக்கு முந்தைய சஹர் உணவு நேரம் வரை இழுக்கும். ஏலம் கூறுபவர் எட்டுப் பேரில் ஒருவராக இருக்கக் கூடாது, வெளி ஆள் ஒருவரை உட்கார வையுங்கள். வீடியோ அழைப்பில் குரல் தாமதமாக வரும் என்பதால், கடைசி விலைக்குப் பிறகு பத்து வரை எண்ணிய பின்பே முடிக்கச் சொல்லுங்கள்.